ஏறியாச்சு

நீதிமன்றத்திலிருந்து நேராகப் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்கள். மகள் போன பிறகும் வேன் ஓடத்தான் வேண்டியிருந்தது. கணவர் ஓட்டுவார், அவள் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். காலையில், மகள்மீது வண்டியை மோதிவிட்டுக் கூண்டில் நின்ற அந்த இளைஞன், "ஒரு நொடிதான் போனைப் பார்த்தேன்" என்றபோது, கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதருகே, "நொடியாம். இவனெல்லாம் மனுஷனா" என்றார். அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள். இந்தத் துக்கத்தில் தன்னோடு நிற்க இவர் ஒருவர்தான் என்று அப்போது தோன்றியது.

கடைசியாக ஏறிய வாலுப் பெண், "மாமா, இன்னிக்கு என்ன இஸ்திரி போட்ட சட்டை? கல்யாணமா?" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வேன் பெரிய சாலைக்குத் திரும்பியதும், ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு அம்மாவுக்கும் 'ஏறியாச்சு' என்று அனுப்பத் தொடங்கினார். தினமும் செய்வதுதான். செய்தி வராவிட்டால் தவித்துப்போவார்களே என்று, விட்டுப்போனவர்களை அவளே நினைவுபடுத்தியதும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருடம் பார்த்தது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"ஏங்க, போனை வைங்க."

"இன்னும் ரெண்டு பேர்தான்."

"வைங்கன்னா."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. முகம் கறுத்தது. "என்னையும் அவனையும் ஒண்ணாக்கறியா? நான் ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் அனுப்பறேன். எனக்குக் கை பழகினது."

சொன்னால் மனிதர் உடைந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் யாரோ யாருடைய பென்சிலையோ பிடுங்க, வேன் முழுக்கச் சிரிப்பு எழுந்தது.

"அவனும் கை பழகினவன்தாங்க" என்றாள், மெதுவாக.

அவர் கொஞ்ச தூரம் போய் வேனை ஓரங்கட்டி, போனை அவள் மடியில் போட்டார். "டீசல் தீந்துபோச்சா மாமா?" என்றாள் வாலு. மடியில் போன் அதிர்ந்தது. 'என் பொண்ணு ஏறிட்டாளா?' என்று யாரோ ஒரு தாய் கேட்டிருந்தாள். அவளால் பதில் அடிக்க முடியவில்லை. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அவர் இஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, எதுவுமே வராத சாலையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.