எண்பத்தைந்து டிகிரி

…எண்பத்தைந்து, அதேதான், வேறு யாரோ போட்டதாக இருந்துவிடக் கூடாதா என்று பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, கழற்றிய போர்டைச் சாய்த்து உள்பக்க இடுக்கில் மறுபடி பார்த்தான், எண் மாறவில்லை, மனமிரங்கி மாறுகிற வழக்கம் எண்களுக்கு இல்லை. கறுப்பு உறையில் வெள்ளை எழுத்து. ஆயிரம் மைக்ரோ ஃபாரட், இருபத்தைந்து வோல்ட், அதற்குக் கீழே, பார்க்காதவன் கண்ணில் படாத அளவுக்குப் பொடியாக, எண்பத்தைந்து டிகிரி. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கெப்பாசிட்டர். தலை உப்பி, நடுவில் விரிசல் விட்டு, விரிசலோரம் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் இதே மேஜையில், இதே கையால், அவனே ஈயம் உருக்கி வைத்தது. ரிப்பேர்க்காரனுக்கு இதைவிடக் கேவலமான நிமிஷம் உண்டா… அடுத்தவன் செய்த வேலையைப் பார்த்து, எந்த மடையன்யா இதைப் போட்டது என்று திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகத்துக்குக்கூட இன்று வழியில்லை. மணி இரண்டரை. நாலரைக்கு அக்கா வந்துவிடுவாள்.

மேஜையின் மறுகோடியில் அந்த ஆக்ஸிஜன் மிஷின் மூடி கழற்றப்பட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அக்காவின் கணவருக்கு, அவனுக்கு மாமா, நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, மீதிப் பாதியை இந்த மிஷின் பார்த்துக்கொள்கிறது, பார்த்துக்கொண்டிருந்தது, மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வரைக்கும். நாளைக் காலை மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் இது ஓட வேண்டும். ஓட வைப்பது பெரிய காரியமே இல்லை, கெட்டதை எடு, நல்லதைப் போடு, கால் மணி நேரம். என் மச்சான் கை வச்சா பொணமே எழுந்து உட்காரும் என்று மாமா வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார், அந்த ஜோக்குக்கு அவரே முதலில் சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும், இருமினால் டாக்டரம்மா ஓடி வருவாள். டாக்டரம்மா என்பது மாமா வைத்த பெயர். ஆறு மாசம் ஏதோ பயிற்சி எடுத்துவிட்டு ஏஜென்சி மூலமாக மாமாவைக் கவனித்துக்கொள்ள வந்த பெண், மருந்தை ஒரு நிமிஷம் தள்ளிக் கொடுக்க மாட்டாள், மாமாவையே அதட்டுவாள், அதனால் அந்தப் பட்டம். வந்தாள், இருந்தாள். இப்போது அந்த வீட்டில் இல்லை.

ஈயத்தை உருக்கி, பழைய கெப்பாசிட்டரை இடுக்கியால் அசைத்து வெளியே எடுத்தான். வெண்ணெயிலிருந்து ரோமம் மாதிரி வந்துவிட்டது, எடுப்பது எவ்வளவு சுலபம்… அன்றைக்கும் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. கம்பெனி கேட்பது நூற்றைந்து டிகிரிச் சூடு வரை தாங்குகிற ரகம், டிராயரில் அது தீர்ந்திருந்தது. கடைக்குச் சொன்னால் இரண்டு நாள் ஆகும். அக்கா வாசலில் நின்றுகொண்டே, எத்தனை நேரம்டா ஆகும், அவர் அங்கே சிலிண்டரை வெச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டிருக்கார் என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாள். மைக்ரோ ஃபாரட் சரி, வோல்ட் சரி, டிகிரி மட்டும்தானே குறைவு, அடுத்த வாரம் நல்லது வந்ததும் மாற்றிவிடலாம் என்று போட்டான். அடுத்த வாரம் வந்தது. நல்லதும் வந்தது. அதே டிராயரில் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. மிஷினை எடுத்து வா என்றால் அக்கா ஏன் என்பாள், ஏன் என்று சொன்னால் அன்றைக்குப் போட்டது மட்டம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதனால் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம். சரி, அதுகூடப் போகட்டும், சோம்பேறித்தனம், உலகத்தில் யாரிடம்தான் இல்லை. ஆனால் பொருத்தும்போது அதைத் திருப்பினாயே, அது? பொடி எழுத்து உள்ளே சூட்டை வாங்கிக்கொள்கிற அலுமினியத் தகட்டைப் பார்க்கிற மாதிரி, வெளியே வெறும் கறுப்பு மட்டும் தெரிகிற மாதிரி, விரலால் அழகாகத் திருப்பி வைத்தாயே? அந்த மிஷினை இந்த ஊரில் திறக்கப் போகிறவன் நீ ஒருத்தன்தான். யாருக்குத் தெரியக் கூடாதென்று திருப்பினாய்?

கெப்பாசிட்டர் என்பது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வான். கரெண்ட் விட்டு விட்டு வந்தாலும் கீழே குழாயில் சீராக வரும். சூட்டில் தொட்டி காய்ந்துகொண்டே போனால், ஒருநாள் குழாய் துப்பும், அப்புறம் நின்றுவிடும். சூட்டுத் தகட்டுக்குப் பக்கத்தில், ராத்திரி பகல் ஓடுகிற மிஷினில், எண்பத்தைந்து டிகிரிக்காரன் எட்டு மாதம் தாக்குப் பிடித்ததே அதிகம். ஆனால் நின்ற நேரம் இருக்கிறதே… அக்கா பேங்குக்குப் போயிருந்தாள். மாமாவை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டிய நாள், நல்ல சட்டைதான் வேண்டும் என்று அடம் பிடித்தாராம், டாக்டரம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்து மிஷின் இருந்த அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருக்கிறாள். காலரைத் தேய்க்கிறாள், மிஷின் ஒரு கூவல் கூவிவிட்டு அணைகிறது. ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிஷமோ, அதுவரை அவரைத் தன் தோளில் சாய்த்து நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறாள், அப்படிச் செய்திராவிட்டால் கதை வேறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? வராந்தாவில் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அவள் கை ஜில்லென்று இருந்தது.

“இஸ்திரிப் பெட்டியை அதே பாக்ஸ்ல சொருகியிருக்காடா. அதனாலதான் போயிருக்குமா?”

“இருக்கலாம்” என்றான்.

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்று சொல்லவில்லையே, இருக்கலாம் என்றுதானே… உலகத்தில் எதுதான் இருக்கலாம் இல்லை? இஸ்திரிப் பெட்டி சொருகி அந்த போர்டு போகாது என்று அவனுக்குத் தெரியும், மிஷினைத் திறக்காமலே தெரியும், அந்த வராந்தாவில் நின்றபடியே எந்த இடத்தில், எந்தக் கெப்பாசிட்டர் என்று விரலை வைத்துக் காட்டியிருக்க முடியும். மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். ஏஜென்சிக்கும் போன் போட்டு அக்கா கொட்டித் தீர்த்துவிட்டாள். போகட்டும், வேறு வீடு கிடைக்கும் என்று அவனும் அவன் மனசுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தான், நேற்று அவள் போன் பண்ணுகிற வரைக்கும். அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருக்கலாம். நிதானமாகக் கேட்டாள்.

“நான் சொருகினதாலதானா சார்? நீங்க திறந்து பார்த்துச் சொல்லுங்க. என்னாலதான்னா இனிமே இந்த வேலைக்கே போக மாட்டேன். இன்னொருத்தர் வீட்ல போய் ஒரு உயிரை எடுக்க வேணாம்.”

பார்த்துச் சொல்றேம்மா என்றான். இதோ பார்த்தாயிற்று.

பச்சை ரப்பர் விரிப்பில் மூன்று கெப்பாசிட்டர்களை வரிசையாக நிறுத்தினான். முதலாவது ஒரு பழைய டிவி போர்டிலிருந்து கழற்றியது, நூற்றைந்து டிகிரிதான், மீட்டரில் வைத்தால் மார்க் வாங்கிவிடும், ஆனால் எத்தனை வருஷம் உழைத்ததோ, இன்னும் எத்தனை நாளோ, மீட்டர் இன்றையதைச் சொல்லும், நாளையதைச் சொல்லாது, தூக்கி ஓரமாக வைத்தான். இரண்டாவது புதியது, ஆயிரம், இருபத்தைந்து, நூற்றைந்து, கம்பெனி எதைப் போட்டிருந்ததோ அதுவேதான், எந்தப் பெருமையும் இல்லாத சரியான சாமான். மூன்றாவது… அதைப் போன வாரமே வரவழைத்துவிட்டான், கார் இஞ்சின் பக்கத்தில் வைக்கிற ரகம், நூற்றிருபத்தைந்து டிகிரி, ஐம்பது வோல்ட், பருத்து, தங்க எழுத்துப் போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. இதைப் போட்டால் மாமா ஆயுசுக்கும் தாங்கும், பேரன் ஆயுசுக்கும் தாங்கும். எடுத்து போர்டில் வைத்துப் பார்த்தான். கால்கள் இரண்டும் துளைக்கு எட்டாமல் அகன்று நின்றன. வளைத்து நுழைத்தால் பக்கத்துக் கம்பிச் சுருளை முட்டியது. படுக்க வைக்கலாமா, கால் நீளமாக விட்டு வெளியே இழுத்துக் கட்டலாமா, மூடியில் கொஞ்சம் அறுத்துவிட்டால்… பத்து நிமிஷம் மல்லுக்கட்டினான். சட்டென்று கை நின்றது. யாருக்காக இந்த ஆட்டம்? அந்த போர்டு ஐம்பது வோல்ட் கேட்டதா? மாமா நூற்றிருபத்தைந்து கேட்டாரா? கேட்டதெல்லாம் நூற்றைந்து, அன்றைக்கே கேட்டது, அப்போது கொடுக்காமல் இப்போது தங்க எழுத்தில் கொண்டுவந்து திணிக்கிறாய், உள்ளே ஆடுகிற மிஷின், இழுத்துக் கட்டியது என்றைக்காவது அறுந்தால் அது இரண்டாவது கொலை முயற்சி. பிராயச்சித்தத்தைக் கூடக் கால் அளவு பார்க்காமல் வாங்கியிருக்கிறான்.

இரண்டாவதை எடுத்தான். உறையில் வெள்ளைக்கோடு எந்தப் பக்கம் என்று ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்தான், மாற்றிப் போட்டால் வெடிக்கும். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி, ஈயம் வைத்து, கால்களை வெட்டினான். மிஷின் ஒரு செருமல் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது, குழாய் நுனியைக் கன்னத்தருகே பிடித்தான், காற்று சீராக வந்தது, யாரையும் மன்னிக்கவுமில்லை, குறை சொல்லவுமில்லை. ஒரு மணி நேரம் ஓட விட்டு எதிரே உட்கார்ந்தான். சொல்லிவிட வேண்டும். அக்கா வந்ததும் முதல் வார்த்தையாக… மாமாவுக்குத் தெரிந்தால் சிரிப்பாரா? மச்சான் என்று கூப்பிடுவாரா? அக்கா திட்டுவாள், திட்டட்டும், பேசாமல் இருந்துவிட்டால்? அவள் பேசாமல் இருந்தால்தான் பயம்.

அக்கா வந்தாள், மூச்சு வாங்க, வண்டியை வெளியே காக்க வைத்துவிட்டு. மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டதும் முகம் தளர்ந்தது, அதன் மேல் மூடியைக் குழந்தையைத் தட்டுகிற மாதிரி தட்டினாள். அவன் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டினான். ஒயரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

“அக்கா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. இஸ்திரிப் பெட்டியால ஒண்ணும் ஆகல. போன தடவை நான் போட்ட பார்ட்தான் சரியில்ல. தப்பு என்னோடதுன்னு வெச்சுக்கயேன்.”

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, அவ உனக்குப் போன் பண்ணினாளா என்று கேட்டாள். பண்ணினாள் என்றான். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள்.

“நினைச்சேன். உன்னை எனக்குத் தெரியாதாடா? எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை நம்ம தெரு வாலுப் பையன் உடைச்சப்போ, அவனை அடிக்கப் போறாங்கன்னு நீ போய் நான்தான் உடைச்சேன்னு நின்னவன்தானே? ஏழு வயசுல வந்த குணம், இப்ப போயிடுமா. யாராவது அழுதா போதும், பழியைத் தூக்கித் தலையில போட்டுக்குவே.”

“இல்லக்கா, நிஜமாவே—”

“போதும்டா. அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவா. நீ போட்டது சரியில்லன்னா எட்டு மாசம் ஓடியிருக்குமா? எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நினைச்சியா?” என்று எழுந்து அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள், நாற்பத்தைந்து வயசுத் தலையை. மாமாவிடம் இதை உளறித் தொலைக்காதே, அப்புறம் மனுஷன் மிஷினை நம்பித் தூங்க மாட்டார் என்றும் சொன்னாள். இரண்டு பேருமாக மிஷினைத் தூக்கி வண்டியின் பின் சீட்டில் வைத்தார்கள்.

எதிர் வீட்டுக் கண்ணாடியை உடைத்தது நிஜமாகவே அவன்தான், அந்த வாலு இல்லை. அன்றைக்கும் அவன் உண்மையைத்தான் சொன்னான், தெருவே கூடி நின்று எவ்வளவு நல்ல பிள்ளை என்று தட்டிக் கொடுத்தது, அந்த வாலு அடி வாங்கினான். அன்றைக்கு எப்படிச் சொன்னான்? தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில், யாரையோ காப்பாற்றுகிறவன் மாதிரி, கடைசியில் வெச்சுக்கங்களேன் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துத்தான் சொன்னானா? இன்றைக்கு ஒயரைப் பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்… வண்டி கிளம்பவில்லை, அக்கா உள்ளே உட்கார்ந்து மிஷினை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், இரண்டே எட்டில் போய்க் கதவைத் தட்டிவிடலாம், தட்டலாம்தான், ஆனால் உண்மையை எந்தக் குரலில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது ஏழு வயதிலிருந்தே தனக்குத் தெரிந்திருக்கிறதோ என்ற எண்ணம் அவனை நடைபாதையிலேயே நிறுத்தி வைத்திருந்தது, வேறு குரல் ஒன்று தன்னிடம் இருக்கிறதா என்று அவன் தேடிக்கொண்டிருந்தான்.