சமமாகப் பார்க்கும் கண்கள்

கணக்கு டீச்சரின் வேலை நிரந்தரமாவது ஒரு மூக்குக்கண்ணாடியின் கையில் இருந்தது. கேமரா வைத்த கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு பாடம் நடத்தினால், கண் போன இடமெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்து மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிடும்.

முதல் சோதனையில் புள்ளிகள் மொத்தமும் கடைசி பெஞ்சில் குவிந்தன. வாயாடிக் கூட்டம் உட்காரும் இடம் அது. டீச்சர் கண்கொத்திப் பாம்பாக அங்கேயே காத்திருந்திருக்கிறாள்.

"முப்பத்தாறு பிள்ளைங்க இருக்காங்க. நீங்க நாலு பேருக்குக் காவல் காக்கறீங்க," என்றார் தலைமையாசிரியை. "அடுத்த தடவையும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

டீச்சர் வீட்டில் கணவரை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் தலையணைகளை அடுக்கி, ஆளுக்கு இரண்டு விநாடி என்று பார்த்துப் பார்த்துப் பழகினாள்.

"என்னையும் தலையணையையும் ஒரே மாதிரிதான் பாக்கறே," என்றார் அவர்.

"அதான் வேணும். அசையாம இருங்க."

இரண்டாம் சோதனையில் அவள் தலை மேசை விசிறிபோலத் திரும்பிக்கொண்டே இருந்தது. வாய் பின்னங்களை நடத்த, மனசு விநாடிகளை எண்ணியது.

மறுநாள் தலைமையாசிரியையின் கணினியில் வகுப்பு முழுக்க அம்மை போட்டதுபோல் சீரான சிவப்பு. "பிரமாதம்!" என்று அவர் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். புள்ளிகளுக்குப் பக்கத்தில் கண்ணாடி எடுத்த காட்சி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது; எதிரில் நின்ற டீச்சர் எட்டிப் பார்த்தாள். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி கை தூக்கியிருந்தாள். பார்வை ஒரு சுற்று போய் வந்தது. கை அப்படியே இருந்தது. பதினோரு சுற்று.

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தாள். "மேடம், கையெழுத்துப் போடாதீங்க. அந்தப் பொண்ணு கை தூக்கியிருக்கா, நான் கவனிக்கவே இல்ல."

"எந்தப் பொண்ணு?" தலைமையாசிரியை புள்ளிகளை மட்டும் பார்த்தார். "அவ மேலயும் பதினோரு புள்ளி இருக்கே. நல்லாத்தான் பாத்திருக்கீங்க." கையெழுத்து விழுந்தது.

டீச்சர் நேரே வகுப்புக்குப் போனாள். "நேத்து எதுக்கும்மா கை தூக்கினே?"

"போர்டுல முதல் வரியே தப்பு, டீச்சர். எல்லாரும் அதைத்தான் எழுதிக்கிட்டாங்க."

"எழுந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் நெனச்சேன். நீங்க திரும்பத் திரும்ப என்னையே பாத்தீங்க," என்றாள் அவள். "தப்புன்னு தெரிஞ்சேதான் விடறீங்க போலன்னு கையை இறக்கிட்டேன்."