பத்து நிமிட நிறுத்தம்

அவர்கள் கிளம்பிய ஒன்பதாம் நாள் காலை, முந்தின நாள் பார்த்துவிட்டு வந்த ஏரி வேனுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. முதலில் கவனித்தவர் பெட்ரோல் பங்க்காரர். டீசல் போட்டு மூடியைத் திருகிவிட்டு, வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுக்கச் சொன்னார். ஏரிக்கும் நிற்க இடம் வேண்டுமே. ஓட்டுநர் எடுத்தார். ஏரியும் மெல்ல நகர்ந்து, டயரில் அலை படாத தூரத்தில் நின்றுகொண்டது.

ஓட்டுநர் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் மனைவியிடம், ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெற்ற மறுமாதமே, கட்டிலும் அடுப்பும் கழுவுதொட்டியும் வைத்த பழைய வேன் ஒன்றை வாங்கி, சொன்ன சொல்லைக் காப்பாற்றப் புறப்பட்டார். ஆனால் பஸ் அவர் உடம்பை விட்டு இறங்கவில்லை. கடலோ மலையோ, எதுவானாலும் பத்து நிமிடம்தான். எஞ்சினை அணைக்கமாட்டார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல உட்கார்ந்திருந்து, பத்தாவது நிமிடம் இரண்டு ஹாரன் அடிப்பார். மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்தவள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி நிமிர்வதற்குள் ஆறு நிமிடம் போய்விடும். எதையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்வாள். அரைகுறையாக விட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒவ்வொன்றாகப் பின்னால் வரத் தொடங்கின.

ஏரிக்குப் பிறகு அருவி வந்தது. அதன்பின் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு மலை. மலையைப் பாலம் தாங்காதென்று போலீஸ்காரர்கள் தடுத்துவிட்டதால், அது சுற்றுவழியில் போய்ச் சாயங்காலம் வந்து சேர்ந்துகொண்டது. இத்தனையும் பின்னால் வந்ததில், மூன்றாவது வருடம் வேன் முதல் கியரைத் தாண்டவில்லை; பின்னால் வந்த லாரிக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். மனைவிக்கு அதெல்லாம்கூடப் பெரிதில்லை. அருவியின் சாரலில் துணி காயவில்லை. வாழ்நாளெல்லாம் ஊராரின் விரிப்புகளை உலர்த்தியவள், பாசி வாடை அடிக்கும் விரிப்பில் படுத்தாள். அவள் களைத்துப்போயிருந்தாள். ஒரே ஒரு மரத்தை முழுசாகப் பார்த்தால் போதும் என்றிருந்தது. அதைச் சொன்னால், இத்தனை வருடம் கழித்துக் காப்பாற்றிய சொல்லும் வீண் என்று அவர் உடைந்துபோவாரே என்று வாயைத் திறக்கவில்லை.

நான்காவது வருடம் ஒரு கடற்கரையில் முழங்கால் மடங்க மறுத்தது. அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹாரன் இரண்டு முறை அடித்தது. அவள் எழவில்லை. அவர் இறங்கி வந்தார்.

"நீங்க இதுவரைக்கும் ஒரு இடத்தக்கூடப் பாக்கலைங்க," என்றாள்.

"வண்டிய யாரு பாத்துக்கறது?"

"வண்டி எங்கயும் போகாது. சாவிய எடுத்துட்டு வந்து உக்காருங்க."

அவர் ஓட்டுநர் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். "நின்னுட்டா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலம்மா," என்றார்.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். எஞ்சின் சத்தம் நின்றதும், நான்கு வருடமாக ஏரியில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தது இருவருக்கும் கேட்டது.

ஏரி முன்னால் வந்தது. அதைப் பார்த்து முடிக்க நான்கு மாதம் பிடித்தது. முடிந்ததும் வந்த வழியே திரும்பிப் போயிற்று. பள்ளத்தாக்குக்கு ஒரு கோடை. அருவிக்கு அதைவிட அதிகம், அவர் நடுநடுவே தூங்கிவிட்டதால். முதலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்றார். பிறகு அரைமணிக்கு ஒருமுறை. அப்புறம் எழவே தோன்றவில்லை.

மலையை மட்டும் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. தபால்காரர் அதை வைத்துத்தான் விலாசம் கண்டுபிடிக்கிறார். துணிக்கொடியின் ஒரு முனையை வேனிலும் மறுமுனையை மலையிலும் கட்டியிருக்கிறார்கள். விரிப்புகள் மதியத்துக்குள் காய்ந்துவிடுகின்றன.