பாட்டுகளுக்கு நடுவே பேசியது

வலியசாலையில் அழகியநம்பியின் வீட்டுப் பின்னறையில் பகல் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்தான் பதிவு செய்ய முடியும். கோயில் நடை சாத்தியிருக்கும், தெருவில் ஆட்டோ குறைவு. ஜன்னலில் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டால் அறை அமைதியாகிவிடும். ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும்.

நம்பி இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. பேஸ் கிட்டார் வாசிப்பான். 2001இல் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் ஹெட்போனும் வாங்கி அந்த அறையை ஸ்டூடியோ ஆக்கினான். மறு வருஷம் பிப்ரவரியில் தாசையன் அங்கே கிட்டாரோடு வந்து உட்கார்ந்தார்.

தாசையனுக்கு நாற்பத்தாறு வயது. பாறசாலைக்காரர், கிள்ளிப்பாலத்தில் வாடகை வீடு. கல்யாண வீடுகளிலும் சர்ச்சிலும் இருபது வருஷமாக மற்றவர்களின் பாட்டுகளையே வாசித்துக்கொண்டிருந்தார். நம்பியும் பத்து வருஷமாக அவரோடு அதே மேடைகளில் நின்றவன். அவருக்கென்று சொந்தமாக ஆறு மெட்டுகள் இருந்தன. வார்த்தை இல்லாத மெட்டுகள். நுரையீரலில் புற்று என்று தெரிந்து மருந்து ஏற்றத் தொடங்கியபிறகு, அவர் நம்பியிடம் கேட்டது ஒன்றுதான்.

"இந்த ஆறையும் எங்கயாவது ஏத்தி வச்சிரணும்டே. எனக்க கூடப் போவாண்டாம்."

நம்பி அரைநாள் லீவு போட்டான். ஐந்து வாரம், ஐந்து சனிக்கிழமை. முதலில் கிட்டாரை மட்டும் எடுத்துவிடலாம், பேஸைப் பிறகு தன் வசதிப்படி சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. மருந்தினால் தாசையனுக்கு விரல் நுனி மரத்துப்போயிருந்தது. கம்பியைச் சரியாக அழுத்தியிருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் அவரால் தெரிந்துகொள்ள முடிந்தது. சுரம் கரகரக்கும். நிறுத்துவார், இருமுவார், ஏதாவது பேசுவார். "இன்னும் ஒருக்கா எடுப்போம்" என்பார். பிறகு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று மெல்லிய குரலில் எண்ணிவிட்டுத் தொடங்குவார். மைக் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் சனிக்கிழமை ஆறாவது மெட்டும் முடிந்தது. "மதி, இவ்வளவு போதும்" என்று சொல்லிக் கிட்டாரைப் பெட்டியில் வைத்தார். ஏப்ரல் கடைசியில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து நம்பி பேஸை எடுத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிவை ஓடவிட்டான். காதுக்குள் தாசையன் மூச்சு வாங்கினார். நாற்காலி முனகியது. "நம்பி, ரெடியாடே?" என்றார். பிறகு எண்ணத் தொடங்கினார்.

நம்பியால் ஒரு சுரம்கூட வாசிக்க முடியவில்லை. மறுபடி ஓடவிட்டான். மறுபடியும் அதே கேள்வி. நாலாம் தடவை பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தான். அடுத்த நாளும் அப்படியே ஆனது.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் அந்தக் குரலை வெட்டினான். ஒரு பாட்டில் வெட்டிய பிறகு கை பழகிவிட்டது. எண்ணிக்கை, இருமல், பேச்சு எல்லாவற்றையும் எடுத்தான். கரகரத்த இடங்களில் வேறு தடவை வாசித்ததிலிருந்து நல்ல சுரத்தைக் கொண்டுவந்து ஒட்டினான். தாசையன் அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று நினைத்தான். அதன்பின் அவனால் வாசிக்க முடிந்தது. ஆறு பாட்டுக்கும் பேஸ் சேர்த்து சி.டி.யில் ஏற்றினான். ஹார்ட் டிஸ்க் நிறைந்துபோயிருந்தது. அடுத்த வேலைக்கு இடம் வேண்டும் என்று பழைய பதிவுகளை முழுவதும் அழித்தான்.

நாற்பத்தோராம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் ஜெபமலர் வந்தாள். தாசையனின் மனைவி, நம்பிக்கு மைனி. நம்பி நாற்காலியைத் துடைத்துப்போட்டு, ஹெட்போனை அவளிடம் கொடுத்தான். முதல் பாட்டு முழுவதையும் அசையாமல் கேட்டாள். இரண்டாவதின் நடுவில் ஹெட்போனைக் கழற்றினாள்.

"இது அவியதானா?"

"அவருதான் மைனி. கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்."

"நல்லா இருக்கு. ஆனா அவிய இவ்வளவு தப்பில்லாம ஒருநாளும் வாசிச்சதில்ல." ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டாள். "நடுவுல பேசினது இருக்குமே தம்பி. அதத்தான் கேக்க வந்தேன். அவிய சத்தம் வீட்டுல எதுலயும் இல்ல. தங்கச்சி கல்யாண வீடியோவுலயும் பாட்டுதான் ஓடுது, பேச்சு இல்ல."

நம்பிக்கு மறைக்கத் தெரியவில்லை.

"அழிச்சிட்டேன் மைனி. அவரு கூப்பிடுத மாதிரியே இருந்து. எனக்குத் தாங்கல."

ஜெபமலர் ஹெட்போனை மேசைமேல் வைத்தாள்.

"ஒனக்குத் தாங்கலன்னு எனக்க பங்கையும் சேத்து அழிச்சிட்டியே தம்பி" என்றாள். சத்தம் போடவில்லை. சி.டி.யை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

நம்பி ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனான். அங்கிருந்த ஷாஜி இரண்டு நாள் வைத்துப் பார்த்தான். அதே இடத்தில் வேறு பதிவுகள் ஏறியிருந்தன. "ஒந்நும் கிட்டில்ல சேட்டா" என்று திருப்பிக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு ஜெபமலர் திரும்பும் நேரம் பார்த்து நம்பி கிள்ளிப்பாலம் போனான். அவள் கதவைத் திறந்து அவன் கையைப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது.

"ஒண்ணும் கிடைக்கல மைனி. எனக்கு ஞாபகம் இருக்கதையாவது சொல்லட்டா?"

அவள் கையிலிருந்த வேதப்புத்தகத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு உள்ளே வரச்சொன்னாள்.

நம்பி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து தொடங்கினான். ஃபேனை நிறுத்தினதும் அவர், "என்னைய இட்லி மாதிரி அவிச்சி எடுக்கப் போறியா" என்று கேட்டது. கம்பி கரகரத்தபோது, "கிட்டாருக்கும் சளி பிடிச்சிட்டு" என்று சொன்னது. மூன்றாவது மெட்டைக் கல்யாணமான புதிதில் ஒரு மழைநாளில் போட்டதாகச் சொன்னது.

"எங்க வச்சுன்னு சொன்னாவளா?"

"நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுல. நீங்க கூட இருந்தீங்களாம்."

ஜெபமலர் தலையசைத்தாள்.

"விரல் மரத்துப் போனத ஒங்ககிட்டச் சொல்லாண்டாம்னு சொன்னாரு."

"சட்டைக்குப் பட்டன் நான்தானே போட்டுவிட்டேன்" என்றாள் அவள். "எனக்குத் தெரியாமலா? சரி, நாலாவதுக்கு என்ன சொன்னாவ?"

நம்பி யோசித்தான். அந்த அறையின் புழுக்கம், அவர் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தது எல்லாம் வந்தன. வார்த்தை வரவில்லை. ஜெபமலர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இருமினாரு. பெறவு ஏதோ சொன்னாரு. நான் சிரிச்சேன், அது நல்லா ஞாபகமிருக்கு. எதுக்குச் சிரிச்சேன்னுதான் வரமாட்டேங்கு மைனி."

"நீ சிரிச்சியா?"

"ஆமா."

"அவியளும் சிரிச்சாவளா?"

"சிரிச்சாரு. கிட்டாரக் கீழ வச்சிட்டுச் சிரிச்சாரு."

ஜெபமலர் அதற்குமேல் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நம்பி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். இன்னும் இரண்டு பாட்டு மிச்சமிருந்தது.