பகலில் எவ்வளவு நேரம் படுத்திருப்பீர்கள்?

அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் அவளை எல்லோரும் கணக்கு மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஊசி போடத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் யார் எத்தனை காலம் தாக்குப்பிடிப்பார் என்று சொல்வதில் அந்தக் கட்டடத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வயது, கட்டியின் அளவு, ரத்தப் பரிசோதனை என்று ஏழெட்டு விவரங்களை உள்ளே போட்டால், இப்படி நூறு பேர் இருந்தால் அடுத்த வருடம் இதே நாளில் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லும். கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள். முடியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்து வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தாள்.

அப்போது ஒரு புது மருந்தைப் பல ஊர் மருத்துவமனைகளில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். பழைய மருந்தில் இவ்வளவு காலம் இருப்பார்கள் என்று அவள் கணக்குச் சொல்லும். புது மருந்தில் அதைவிடக் கூட இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மற்ற மருத்துவமனைகளில் கொஞ்சம் கூடத்தான் இருந்தார்கள். இவள் வேலை பார்க்கிற இடத்தில் மட்டும், சொன்னதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். ‘உங்க கணக்கு ஊரெல்லாம் ஓடுது, நம்ம வாசல்ல வந்து மட்டும் ஏன் படுத்துக்குது?’ என்று பெரிய டாக்டர் கேட்டார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். எடை பார்க்கும் மிஷினை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தை, கடைசியில் தன் மூளையை. எதிலும் குறை தெரியாமல் போகவே, நோயாளிகளைச் சேர்க்கிற அறையின் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அறையில் ஒரு மார்க் போடுவார்கள். நடமாட்டத்துக்கான மார்க்; அவள் கணக்குக்குள் போகிற விவரங்களில் அதுவும் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், குறைய வாங்கினால்தான் பாஸ். முன்பு போலவே இருப்பவருக்குச் சைபர். சின்னச் சின்ன வேலை செய்து நடமாடுகிறவருக்கு ஒன்று. வேலைக்குப் போக முடியாமல் தன்னை மட்டும் பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டு. பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் இருப்பவருக்கு மூன்று. புது மருந்து முரட்டு மருந்து, தெம்பு இல்லாத உடம்பைப் புரட்டிப் போட்டுவிடும். அதனால் சைபரும் ஒன்றும்தான் உள்ளே. இரண்டோ அதற்கு மேலோ வந்தால் பழைய மருந்துதான். மார்க்கைப் போடுவது மூத்த நர்ஸ். அதற்குக் கருவி எதுவும் கிடையாது. கேள்வி கேட்பார், வீட்டார் சொல்வார்கள், எழுதிக்கொள்வார்.

வீட்டார் சொன்னார்களே, சும்மா சொல்லக்கூடாது, வாய் கூசாமல் சொன்னார்கள். டாக்ஸியிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கிய மனிதர், கதவைத் தாண்டியதும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தார். ஒரு மனைவி, உள்ளே வருவதற்கு முன் கணவன் கன்னத்தை நன்றாகக் கிள்ளிச் சிவக்க வைத்தாள். இன்னொருவருடைய மகன் அப்பா தினமும் தோட்ட வேலை செய்கிறார் என்று அள்ளிவிட்டான். அவர்கள் குடியிருப்பது நாலாவது மாடி. மார்க் குறைந்தால்தான் புது மருந்து என்கிற சேதி வெளியே காபி மிஷின் பக்கத்தில் வாய்க்கு வாய் பரவியிருந்தது. நர்ஸுக்கு இதெல்லாம் தெரியாதா என்றால் தெரியும். எதிரே நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு என்று எழுத அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது அவள் பொரிந்து தள்ளினாள். மேல் வீட்டில்தான் தம்பி குடும்பம்; சாப்பாடு எல்லோருக்கும் கீழே. தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவன், ஊர்க்கதையெல்லாம் அவன் வாயில். அவனுக்கும் இதே வியாதிதான், முதல் சுற்று மருந்து முடிந்து அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருந்தான். இவர்கள் பாசத்தில் சொல்கிற புளுகு இவர்கள் ஆளையே சீக்கிரம் அனுப்பிவிடுகிறது என்றாள். அதோடு போனாலும் பரவாயில்லை, தெம்பாக இருந்தவர்களே இந்த மருந்தில் தாங்கவில்லை என்று கணக்கு ஆகிவிடும், நாளைக்கு நிஜமாகவே தெம்பாக இருக்கிறவனுக்கும் மருந்து கிடைக்காது என்றாள். மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். தம்பி மட்டும் நடுநடுவே கேள்வி கேட்டான். அவனுக்கு எதையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

தீர்வையும் அறிக்கையாக எழுதி முடித்துவிட்டாள். இனிமேல் வீட்டாரை வெளியே உட்காரவைத்துவிட்டு நோயாளியைத் தனியாகக் கேட்க வேண்டும், வராந்தாவில் ஒருமுறை நடந்துவரச் சொல்ல வேண்டும். பெரிய டாக்டருக்கு அனுப்புவதுதான் பாக்கி. அந்த வாரம் தம்பியின் ஸ்கேன் வந்தது. கட்டி திரும்ப வந்திருந்தது, இரண்டு இடங்களில்.

தம்பி மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து அழவில்லை. எப்படியாவது அந்தப் புது மருந்தில் சேர்த்துவிடுங்கள் அண்ணி என்று மட்டும் கேட்டாள். அவன் இப்போது பெரும்பாலும் படுக்கைதான் என்பது இருவருக்கும் தெரியும். மாடிப்படி ஏற இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். ஓட்டுநர் பள்ளிக்குப் போய் நாளாகிவிட்டது.

கணக்கு மேடம் அன்றே கதவைச் சாத்திக்கொண்டு தம்பியின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டாள். முதலில் மார்க் மூன்று என்று போட்டாள். வந்த எண்ணைப் பார்த்ததும் உடனே அழித்தாள். அதே விவரம், அதே கட்டி, மார்க்கை மட்டும் ஒன்று என்று மாற்றிப் பார்த்தாள். இப்போது வந்த எண் பார்க்கிற மாதிரி இருந்தது. மார்க்கை மாற்றி எழுதினால் உடம்பு மாறாது என்று புது ஆட்களுக்கு வகுப்பெடுக்கிறவள் அவள். தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கிக் காய்ச்சலைக் குறைக்கிற வேலை இது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் அந்த இரண்டாவது எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எப்படியாவது தம்பிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நம்பிவிட்டாள். மாத்திரை வாங்கிக் கொடுப்பதுபோல.

அறிக்கையை அவள் அனுப்பவில்லை. அனுப்பினால் தம்பியைத் தனியாகக் கேட்பார்கள், நடக்கச் சொல்வார்கள். கடைசியாக ஒரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று பெரிய டாக்டரிடம் ஒரு வாரம் தவணை வாங்கினாள். தம்பி விஷயத்தை அவரிடம் மூச்சு விடவில்லை. இத்தனை வருட வேலையில் இது முதல் பொய். நெஞ்சு உறுத்தும் என்று எதிர்பார்த்தாள், உறுத்தவில்லை. அதுதான் அவளுக்கே திகைப்பாக இருந்தது.

வீட்டில் ஒத்திகை நடந்தது. வாசற்கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் பிடிக்காமல் நடக்க வேண்டும், நடந்தபின் மூச்சு வாங்குவது தெரியக்கூடாது, பேச்சை அவளிடம் விட்டுவிட வேண்டும். தம்பி சொன்னபடி கேட்டான். திரும்பி வந்து சோபாவில் சாய்ந்தவன், அவளை லைசென்ஸ் வாங்க வைக்கத் தான் படுத்திய பாட்டுக்கெல்லாம் இப்போது பழி வாங்குகிறாளா என்று கேட்டான். அவன் மனைவி சிரித்தாள். வெகுநாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அக்காவுக்கும் தெம்பு வந்தது.

போக வேண்டிய நாளில் தம்பி நன்றாகவே நடந்தான். சட்டை தொளதொளவென்று தெரியக்கூடாது என்று உள்ளே இன்னொரு சட்டை போட்டிருந்தான். காத்திருக்கும் இடத்தில் அவன் நெற்றி வியர்வையை அவள் துடைத்துவிட்டாள். கன்னத்தைக் கிள்ளிய அந்த மனைவியின் நினைப்பு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு, அவன் கன்னத்தையும் லேசாகத் தட்டிவிட்டாள்.

மூத்த நர்ஸ் அவளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். ஜாடை ஒன்றாக இருந்ததே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“இன்னைக்கு எந்த நாற்காலி மேடம்?”

“கூட வந்தவங்க நாற்காலி சிஸ்டர்,” என்றாள்.

நர்ஸ் வழக்கமான கேள்விகளுக்குப் போனார். வேலைக்குப் போகிறாரா? வாரத்தில் இரண்டு நாள் போகிறான், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலைதானே என்றாள் அக்கா. குளிப்பது, உடுத்துவது? எல்லாம் அவனே. மாடிப்படி? ஏறுவான். அந்தக் கேள்விகளை அவள் ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், எந்தப் பதிலுக்கு எந்த மார்க் என்று மனப்பாடம். அதனால் அவள் பதில் மற்ற வீட்டார் பதில் மாதிரி மிகையாக இல்லை. தோட்டம் கீட்டம் எல்லாம் வரவில்லை. அளவாக, கச்சிதமாக, ஒன்று என்ற மார்க்குக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு புளுகினாள்.

“பகல்ல எவ்வளவு நேரம் படுத்திருப்பார்?”

“சாப்பிட்டதும் கொஞ்ச நேரம். எல்லாரும் படுக்கிற மாதிரிதான்.”

நர்ஸ் எழுதப் பேனாவைத் தாளில் வைத்தார்.

“எழுதிடாதீங்க சிஸ்டர்,” என்றான் தம்பி. “எந்நேரமும் படுக்கைதான். இன்னைக்கு இங்க வரணும்னு நேத்து முழுக்கப் படுத்தே கிடந்தேன். என் பொண்டாட்டி ஸ்டூல் போட்டு உட்கார வெச்சுக் குளிப்பாட்டுறா. அக்கா பாசத்துல சொல்லுது.”

நர்ஸ் அவளைப் பார்க்காமல், தம்பியையே பார்த்துக்கொண்டு, அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டார். அவன் இன்னொரு முறை அதையே சொன்னான். நர்ஸ் மூன்று என்று எழுதினார்.

வராந்தாவுக்கு வந்ததும் தம்பியின் கால் துவண்டது. சுவரோரம் இருந்த பெஞ்சில் அவனை உட்காரவைத்தாள். அங்கே வருகிற போகிற எல்லோருக்கும் அவளைத் தெரியும் என்பதால் குரலை அடக்கிக்கொண்டு, ஏன்டா இப்படிச் செய்தாய், இதற்கா இத்தனை பாடுபட்டேன், உன் பெண்டாட்டி முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று கேட்டாள். மூச்சு வாங்கி முடிக்க அவனுக்கு நேரம் வேண்டியிருந்தது. வீட்டில் நடந்து பார்த்தபோதெல்லாம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தானாம். ஆசையும் இருந்ததாம், மருந்து கிடைத்தால் பிழைத்துவிடலாமே என்று. அந்தம்மா பேனாவை எடுத்தபோதுதான் தைரியம் வந்ததாம்.

“அந்த மருந்து தாங்காம நான் போயிட்டேன்னு வெச்சுக்கக்கா. தெம்பா இருந்தவன் செத்துட்டான்னு நீதான கம்ப்யூட்டர்ல ஏத்தணும்? ஏத்தினாலும் பொய். ஏத்தாம விட்டாலும் பொய். அதுக்கப்புறம் அந்த நாற்காலியில உட்கார்ந்து நீ எப்படி வேலை பார்ப்பே? எப்படிச் சோறு இறங்கும் உனக்கு?”

தம்பி போய்விட்டால் என்று எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்திருந்தாள். இந்த விதமாகப் போட்டுப் பார்க்கவே இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். அவன் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினான், பாதியில் அது அவன் மடியிலேயே விழுந்துவிட்டது.

பிறகு சக்கர நாற்காலி ஒன்றைப் பிடித்துவந்து, பழைய மருந்து ஏற்றுகிற கூடத்துக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்க ஆரம்பித்ததும் அவன் தூங்கிப்போனான். அவன் மனைவிக்குப் போன் செய்து நடந்ததை உள்ளபடியே சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள், சாப்பிட்டாரா அண்ணி என்று கேட்டாள். கணக்கு மேடம் மேலே போய்ப் பெரிய டாக்டரிடமும் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நிறுத்திவைத்திருந்த அறிக்கையைக் கொடுத்தாள். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தம்பியின் சிகிச்சை முடியும்வரை இந்த ஆராய்ச்சியின் பக்கம் வர வேண்டாம் என்றார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் தோன்றியது.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது தம்பி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் சொன்ன உண்மையினால் அவனுக்கு இப்போது ஒரே ஒரு எண்தான் மிச்சம், மூன்று என்று போட்டால் வருகிற எண். அதில் தப்பு எதுவும் இல்லை. வயது சரி, கட்டி சரி, மார்க்கும் சரி. ஊர் ஊராக ஓடி ஜெயித்த கணக்கு அது. தான் கற்றுக்கொடுத்தது ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்று வருடக்கணக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், இந்த ஒரு ஆள் விஷயத்தில் அது படுமோசமாகத் தப்பாகிப்போக வேண்டும் என்று, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மருந்து தீரும்வரை வேண்டிக்கொண்டிருந்தாள்.