கூப்பிடு தூரம்

வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். பூசணியையும் கூட்டிட்டு வரட்டுமா என்று நான்தானே கேட்டேன்? கேட்ட வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும்.

தையல்காரிக்கு நினைப்பு இப்படித்தான் ஓடியது. எதிரே, புதிதாக வாங்கிய மோட்டார் படகை ஓட்டியபடி நாத்தனாரின் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கடையில்தான் அவள் கணவனுக்கு வேலை. அவர் தும்மினால் இவனுக்கு மூக்கு சிவக்கும்.

பூசணிக்கு ஒன்பது வயது. நாய்க்கு அந்தப் பெயர் வரக் காரணம் அதன் வயிறு. தையல் மெஷினுக்கு அடியில், மிதிக்காத அவள் பாதத்தின் மேல் தலை வைத்துத் தூங்கும். படகுச் சவாரி என்றதும், தக்கைகளை உள்ளே வைத்து அதற்கு ஒரு மிதவைச் சட்டை தைத்திருந்தாள். ஏரி நடுவே வந்ததும், போட்டோவில் பார்க்கச் சகிக்கவில்லை என்று நாத்தனார் முகம் சுளித்தாள். தையல்காரியின் கணவன் உடனே நாயின் சட்டையைக் கழற்றினான். நாய்க்கு நீச்சல் யாராவது சொல்லித்தரணுமா என்று கேட்டுக்கொண்டே, நாத்தனாரின் கணவர் அதைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்.

முங்கி எழுந்த பூசணி, பக்கத்தில் தெரிந்த கோரைத் திட்டைப் பார்த்துத்தான் முதலில் திரும்பியது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கால் ஊன்றியிருக்கும். அதற்குள் இவள் பதறிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். வேறு யார் கூப்பிட்டாலும் காதைக்கூட அசைக்காத நாய், அவள் குரலுக்கு நெருப்பிலும் குதிக்கும். திட்டை விட்டுப் படகை நோக்கி வந்தது. கைக்கு எட்டும் நேரத்தில் அவர் இஞ்சினை முறுக்கினார். படகு நழுவியது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

வயசான நாய் அண்ணா என்று அவள் கெஞ்சினாள்.

"வயித்தைக் குறைக்கத்தாம்மா. ஃபீஸெல்லாம் வேணாம்" என்றார் அவர். இன்னொரு தடவை கூப்பிட்டால் தூக்கிவிடுவதாகச் சொன்னார். நாத்தனார் வீடியோ எடுக்க வாகாகத் திரும்பி உட்கார்ந்தாள். தையல்காரி நம்பிக் கூப்பிட்டாள். பூசணி வந்தது. படகு மறுபடி நழுவியது.

இப்போது மூக்கு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே. போகும் திசை தெரியாமல், அவள் குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே துழாவியது. திட்டு இன்னமும் அதன் முதுகுப் பக்கம், எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதைத் திட்டுக்குப் போகவிடாமல் இழுப்பது படகு இல்லை, தன் குரல். இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை என்று கணவன் கூப்பிட்டபோதெல்லாம் பதினோரு வருஷமாகத் தானும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம் என்பதும் கூடவே உறைத்தது.

கணவன் அவள் காதருகே குனிந்தான். "கூப்பிடு. அத்தான் ஆசையா இருக்காரு. அவர் மூஞ்சி சுருங்கினா நாளைக்கு நான்தான் அனுபவிக்கணும்."

அவள் திரும்பி, நாய்க்கு முகம் தெரியாதபடி உட்கார்ந்தாள். பின்னால் தண்ணீரைத் துழாவும் சத்தமும் அதன் இருமலும் கேட்டன. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடுடி."

"மாட்டேங்க" என்றாள், நாய்க்குக் கேட்டுவிடாத குரலில்.