சீடர் வேலியில் ஒரு பொட்டு

பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் வீடு வாங்கியதோடு எனக்குக் கால் இரண்டும் போய்விட்டன. நோயொன்றும் இல்லை; கார் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான். முன்பு இருந்த அடுக்குமாடியில் கீழே இறங்கினால் மெட்ரோ. இங்கே என் கணவர் நகுலேஸ்வரன் விடியுமுன்பே காரோடு துறைமுகத்துக்குப் போய்விடுவார். முறுக்குப் பிழிந்ததுபோல் சுற்றிச் சுற்றிப் போகும் தெருவில் நான் நடையாய் நடப்பேன். நடைபாதை என்று ஒரு சாண் கிடையாது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பஸ் நிற்கும் இடம் எங்கள் வளவுக்கு நேர் பின்னால். பஸ் கதவு திறக்கிற சத்தம் குசினியில் சமைக்கும்போதே கேட்கும். நடுவில் சீடர் மரங்களை நெருக்கி நட்ட ஆளுயர வேலி, அதற்கப்பால், பஸ் போகும் பெருந்தெருவைப் பார்த்தபடி, அக்னெஸ் என்ற விதவையின் வீடு. தெருவால் சுற்றிப் போக அரை மணி நேரம் வேண்டும்.

2007 குளிர்காலத் தொடக்கத்தில் கார்டரி என்கிற பிள்ளைக் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. பனியில் நடந்து இரண்டு தரம் பஸ்ஸைத் தவறவிட்டேன். இன்னொரு தரம் பிந்தினால் வரவே வேண்டாம் என்றாள் பொறுப்பாளர் கத்தரின்.

"வேலியிலை ஒரு பொட்டு வைச்சால் என்ன?" என்றேன். ஆள் நுழைய வேலியில் விடும் இடைவெளிக்கு எங்களுக்குள் அதுதான் பேர்.

"உமக்கென்ன விசரே? இஞ்சை மற்ற ஆக்களின்ரை வளவுக்குள்ளை கால் வைச்சால் பொலிஸ் வரும்," என்றார் நகுலேஸ்வரன்.

"கேட்டுத்தானே வைக்கப்போறன்."

மறுநாளே அக்னெஸின் கதவைத் தட்டி, தெரிந்த பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் கொடுக்கவில்லை.

"இதெல்லாம் என் அப்பாவின் சோள வயல். அறுபதுகளில் விற்றார். தெருவுக்குப் படம் கீறியவனிடம் கார் இருந்தது. நடப்பவர்களை அவன் நினைக்கவே இல்லை," என்றாள். "வேலியை நட்டது நான். யாரையும் பார்க்க வேண்டாமென்றுதான் நட்டேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் அவள் வாசலில் முழங்கால் வரை பனி கிடந்ததைப் பார்த்தேன்.

"வழி விடுங்கள். வேலைக்குப் போகுமுன் உங்கள் பனியை நான் அள்ளுகிறேன்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"அன்று எனக்கு வேலையில்லை."

"எனக்குத் தேவாலயத்தில் பூசை இருக்கிறது."

விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டன். ஞாயிறும் அள்ளுவதாக ஒப்புக்கொண்டேன். மரமறுக்கும் வாளை எடுத்து வந்து வேலியில் ஒரு மரத்தை அவளே அறுத்தாள்.

அதன்பின் நான் ஒருநாளும் பிந்தவில்லை. மார்ச்சில் பெரும் பனிப்புயல் அடித்தது. உள்தெருக்களில் கார்கள் புதைந்துபோய்க் கிடந்தன. பெருந்தெருவை மட்டும் வழித்துவிட்டிருந்தார்கள். பொட்டால் நுழைந்து, அக்னெஸின் வாசலைத் துப்புரவாக்கி, பஸ் ஏறினேன். பஸ்ஸில் நானும் சாரதியும்தான்.

கார்டரிக் கட்டடத்தின் காவலாளி பேனாட் கதவைத் திறந்துவிட்டார். வேலையாட்கள் வேறு யாரும் வந்திருக்கவில்லை. பக்கத்துத் தெருத் தாய்மார் பிள்ளைகளைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள். அதில் ஒருத்தி தாதி. குழந்தையை என் கையில் தந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கத்தரின் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. பிள்ளைகள் சாப்பிட்டு உறங்கிக்கொண்டிருந்தார்கள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள். பிறகு தன் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனிமேல் காலையில் நீங்களே திறவுங்கள், மதாம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்தில் படித்த பிரெஞ்செல்லாம் பறந்துவிட, தலையாட்டிக்கொண்டே தமிழில் "ஓம்" என்றேன். அவளுக்கு விளங்கியது.